கோடு நிறைந்தது, வேகம் வரவில்லை: வைஃபை பூஸ்டருக்குப் பணம் கொடுக்குமுன் படியுங்கள்

சிங்கப்பூரின் செங்காங்கில் எங்கள் நாலறை வீட்டின் கடைசி அறை மகளுடையது. அங்கே போனாலே வைஃபைக்கு மூச்சு வாங்கும். வீட்டிலிருந்து படிக்கும் நாள்களில் அவள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடுவாள்; நான் தாளிக்கும் சத்தம் அவளுடைய ஆசிரியருக்கும் கேட்கும். சுவரைத் துளைத்துக் கம்பி இழுக்கக் கணவருக்கு மனமில்லை. வண்ணம் பூசி ஆறு மாதம்கூட ஆகவில்லை.

“கம்பியே வேண்டாம், வீடு முழுக்க வைஃபை” என்ற விளம்பரம் கைப்பேசியில் வந்தது அப்போதுதான். வந்த தம்பி தமிழர். வாய் நிறைய “அக்கா” என்றார், தேநீர் குடித்தார், ரவுட்டரையும் போய்ப் பார்த்தார். இரண்டு வெள்ளைப் பெட்டிகளை ‘மெஷ்’ (பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வலையாக இயங்கும் வைஃபை) என்று சொல்லிச் செருகினார்: ஒன்று வரவேற்பறையில், ஒன்று மகள் அறையில். 360 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வேகச் சோதனையை வரவேற்பறையில் நின்றுகொண்டே, தன் கைப்பேசியில் செய்து காட்டினார். 400 மெகாபிட்! மகள் அறையில் மட்டும் சோதனை இல்லை. “பாருங்கள் அக்கா, வைஃபை கோடெல்லாம் நிறைந்துவிட்டது” என்றார். நானும் பூரித்துப்போனேன்.

அன்றிரவு மகள் சோதித்தபோது 5 மெகாபிட்.

அந்தக் கோடுகள் காட்டுவது நம் கைப்பேசிக்கும் அருகிலுள்ள பெட்டிக்கும் இடையிலான நெருக்கத்தை மட்டுமே. அந்தப் பெட்டிக்கு ரவுட்டரின் அலை எவ்வளவு வந்து சேர்கிறது என்பதை அவை காட்டுவதில்லை. அலையே எட்டாத அறையில் பூஸ்டரைச் செருகுவது, பாதி காதில் விழுந்த சேதியை ஒலிபெருக்கியில் அறிவிப்பதைப் போன்றது.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் அக்கா மகன் வந்து, பெட்டியைத் திருப்பி அடியிலிருந்த மாடல் எண்ணைத் தேடிப் பார்த்தான். அது மெஷ்ஷே இல்லை, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் இயங்கும் சாதாரண எக்ஸ்டெண்டர், அதாவது பூஸ்டர். வாங்குவதும் கொடுப்பதும் ஒரே ரேடியோ வழியாக, மாறி மாறி. வேகத்தில் ஏறக்குறைய பாதி அங்கேயே போய்விடும். போதாததற்கு, அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் (சேனல்கள்) 1, 6, 11 என மூன்றே. மேல்வீடு, கீழ்வீடு, பக்கத்து வீடு எல்லாம் அவற்றில்தான் நெருக்கியடிக்கின்றன.

பிறகு கேட்டான்: “சித்தி, ரவுட்டர் எங்கே?”

பாம் ஷெல்டரில்! அரிசி மூட்டைக்கும் தீபாவளி விளக்குப் பெட்டிக்கும் நடுவில். 1997ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இந்த அறை உண்டு: தடித்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. குண்டைத் தடுக்கக் கட்டியது வைஃபையை விட்டுவைக்குமா? எனக்குத் தெரியவில்லை, சரி. இதே தொழிலில் இருப்பவர் அந்தக் கதவைத் தன் கையால் திறந்து பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் மூடினாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வீட்டுக்குள் இணையம் வந்து சேரும் கண்ணாடி இழைப் பெட்டியை உள்ளேயே விட்டுவிட்டு, இரண்டு மீட்டர் இணைப்புக் கம்பியால் ரவுட்டரை மட்டும் வெளியே காலணி அலமாரி மேல் வைத்தோம். கதவு இப்போது சற்றே திறந்திருக்கிறது. அக்கா வீட்டில் சும்மா கிடந்த உண்மையான மெஷ் கருவி ஒன்றை, மகள் அறைக்குள் வைக்காமல், பாதி வழியில் நடைபாதையில் வைத்தோம். மகள் அறையில் 150 மெகாபிட். என் செலவு கம்பிக்கு 6 வெள்ளி.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும், “பெட்டியைப் பிரித்துவிட்டீர்களே” என்றார் தம்பி. ரசீதில் ‘வைஃபை மேம்பாடு’ என்பதைத் தவிர மாடலும் இல்லை, மண்ணும் இல்லை. நல்லவேளை, ‘மெஷ்’ என்று அவர் அனுப்பிய குறுஞ்செய்தியை நான் அழிக்கவில்லை. சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போவேன் என்றேன். 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அது விசாரிக்கும்; வழக்கறிஞர் வேண்டாம்; என்னுடையதைப் போன்ற சிறு தொகைக்குக் கட்டணம் 10 வெள்ளி. மறுநாளே 200 வெள்ளி வந்தது. மீதி ‘பொருத்தும் கூலி’யாம். அலைய எனக்குத் தெம்பில்லை, விட்டுவிட்டேன்.

யாராவது இப்படி வந்தால் மாடல் எண்ணை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். சிக்கல் உள்ள அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, உங்கள் கைப்பேசியில் வேகத்தைச் சோதித்த பிறகு பணம் கொடுங்கள்.

பெட்டிகள் இரண்டையும் அவரே வந்து வாங்கிக்கொண்டு போனார். துடைத்து, உறையில் போட்டு, புதியதைப் போல.