வார்பேண்ட்: குதிரைக்குப் பத்து, ஏணிக்குப் பூஜ்யம்

'மவுண்ட் அண்ட் பிளேடு: வார்பேண்ட்' 2010-இல் வந்த விளையாட்டு. அதன் பிறகு இடைக்கால வாள்சண்டை விளையாட்டுகள் எத்தனையோ வந்துவிட்டன. பார்வைக்கு ஏறக்குறைய எல்லாமே இதைவிட அழகு. இதில் முகங்கள் மரப்பொம்மைகள்போல இருக்கும், எந்தப் பிரபுவிடம் பேசினாலும் அதே நாலு வரிதான் பதிலாக வரும். இருந்தும் பல ஆண்டுகளாக என் கணினியிலிருந்து நான் இதை நீக்கவில்லை. காரணம் ஒன்றுதான்: குதிரையின் வேகம் அப்படியே ஆயுதத்தில் ஏறுகிறது.

ஓர் அடி எவ்வளவு பலமாக விழும் என்பதை ஆயுதம் மட்டும் முடிவு செய்வதில்லை. அடிப்பவரும் அடி வாங்குபவரும் எந்த வேகத்தில் நெருங்குகிறார்கள் என்பதும் கணக்கில் சேர்கிறது. எதிரே பாய்ந்து வருபவன் மீது விழும் வெட்டு ஆழமாக இறங்கும். முதுகு காட்டி ஓடுபவனைத் துரத்தி வெட்டினால் அதே வாள் மொண்ணையாகிவிடும். இது புரிந்த நாளிலிருந்து போர்க்களத்தைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது. யாரை அடிப்பது என்று யோசிப்பதற்கு முன்னால் எந்தக் கோணத்தில் வருவது, எங்கே திரும்புவது என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடும்.

ஈட்டியில்தான் இதன் உச்சம். ஈட்டியை ஏந்தியபடி குதிரையை முழு வேகத்துக்கு விரட்டினால், ஒரு கட்டத்தில் வீரன் தானாகவே அதை அக்குளில் இடுக்கி முன்னால் நீட்டுவான். அதற்குப் பிறகு எந்தப் பொத்தானையும் அழுத்த வேண்டியதில்லை. முனை எதிரியின் நெஞ்சுக்கு நேராக இருக்கும்படி குதிரையைச் செலுத்த வேண்டும், அவ்வளவுதான். பட்டால், உடல் முழுக்கக் கவசம் பூண்ட பிரபுவும் பெரும்பாலும் அந்த ஒரே குத்தில் சேணத்திலிருந்து சாய்வார். ஒரு முழம் விலகினால் வெறும் காற்றைக் குத்திவிட்டுப் போக வேண்டியதுதான். திரும்புவதற்காக வேகத்தைக் குறைக்கும்போது காலாட்கள் சூழ்ந்துவிடுவார்கள். குதிரை நின்றது என்றால் கதை முடிந்தது. விளையாட்டில் வரும் நாடுகளில் ஒன்றான கெர்கிட்டின் வில்லாளர்கள் குதிரையில் வட்டமடித்தபடி அம்பு விடும்போது, நடுவே புகுந்து ஒருவனை இப்படிச் சாய்ப்பதில் உள்ள சுகம் எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

தரைச் சண்டையும் சளைத்ததல்ல. மேலிருந்து, இடமிருந்து, வலமிருந்து, நேரான குத்து என்று நான்கு திசைகள். மவுஸை நகர்த்தும் திசையே வெட்டின் திசை. கேடயம் எல்லாத் திசைகளையும் தடுக்கும், ஆனால் அடி வாங்கி வாங்கி உடைந்துபோகும். கேடயம் இல்லாதவர் எதிரி ஓங்கும் திசையைப் பார்த்துத்தான் வாளை நிறுத்த வேண்டும். அமைப்புகளில் இந்தத் தடுப்பைத் தானாக நடக்கும்படியும் வைத்துக்கொள்ளலாம். தயவுசெய்து வைக்காதீர்கள். வலப்புறம் ஓங்கிக் கடைசி நேரத்தில் கைவிட்டு, இடப்புறம் வெட்டி ஏமாற்றும் கலையெல்லாம் அதில் வீணாகிவிடும்.

இத்தனை அருமையாகச் செய்தவர்கள் முற்றுகையை ஏன் இப்படிச் செய்தார்கள்?

கோட்டையைத் தாக்கப் போனால் முதலில் குதிரை இல்லை. எல்லோரும் நடைதான். மதிலின் மீது, பெரும்பாலான கோட்டைகளில், ஒரே ஓர் ஏணி. மொத்தப் படையும் அந்த ஒற்றை ஏணியில்தான் ஏறியாக வேண்டும். முதலில் ஏறுபவன் மேலே கால் வைக்க இடமில்லாமல் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பான். பின்னால் வருபவன் அவன் முதுகில் முட்டுவான். பக்கத்து மதிலிலிருந்து அம்பு வந்துகொண்டே இருக்கும். நெரிசலில் விளிம்பிலிருந்து ஒருவன் கீழே விழுவான். எழுந்து மறுபடியும் கடைசியில் போய் நின்றுகொள்வான். மவுஸை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் என் எதிரே இருப்பது என் ஆளின் முதுகுதான். வேகமும் கோணமும்தான் இந்த விளையாட்டின் உயிர். அவை இரண்டும் ஏணியடியில் செத்துவிடுகின்றன. சில கோட்டைகளுக்கு ஏணிக்குப் பதிலாக நகரும் மரக்கோபுரம் கட்ட வேண்டும். கட்டக் கூடுதல் காலம் பிடிக்கும், உருண்டு மதிலைச் சேர்வதற்குள் பொறுமை போய்விடும், சேர்ந்த பின்னும் அதே நெரிசல்.

இதனால் நாடுகளுக்கிடையே உள்ள சமநிலையும் குலைகிறது. ஸ்வாடியாவின் குதிரை வீரர்களைச் சமவெளியில் நிறுத்துவது கடினம். கெர்கிட் படை முழுக்கக் குதிரைமேல் வளர்ந்தது. ஏணிக்கு முன்னால் இந்த இரண்டுக்கும் பெரிய மதிப்பில்லை. அங்கே கோலோச்சுபவர்கள் நோர்டு நாட்டின் உயர்நிலைக் காலாட்களான ஹஸ்கார்ல்கள்: தடித்த கேடயம், கோடரி, எறிகோடரி. எந்த அரசருக்குப் படை திரட்டினாலும் கோட்டை பிடிக்க வேண்டுமென்றால் கடைசியில் ஹஸ்கார்லைத் தேடித்தான் போகிறோம். ஆறு நாடுகளை இவ்வளவு வித்தியாசமாக வடிவமைத்ததன் பயன் பாதி இங்கேயே போய்விடுகிறது.

அப்படியும் இப்படியுமாகக் கோட்டையைப் பிடித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஓர் அரசருக்கு அடங்கிய பிரபு. இந்தக் கோட்டை எனக்கு வேண்டும் என்று அவருக்குச் சொல்லி அனுப்புகிறீர்கள். முற்றுகைப் பக்கமே தலைகாட்டாத வேறொரு பிரபுவுக்கு அதை எழுதிக் கொடுத்துவிட்டதாகப் பதில் வருகிறது. இடைக்கால அரசவை அப்படித்தான் இருந்திருக்கும், ஒப்புக்கொள்கிறேன். அந்த ஏணியில் என் படையில் பாதியை இழந்துவிட்டு வந்த இரவில் அந்த நியாயம் எனக்குப் பிடிபடுவதில்லை.

தள்ளுபடியில் கிடைக்கிறதே, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் இந்த வாரம் கேட்டார். வேண்டாம் என்றேன். நான் இவ்வளவு புகழும் விளையாட்டை ஏன் வேண்டாம் என்கிறேன் என்று அவருக்குக் குழப்பம். கதை நடக்கும் கற்பனை நிலமான கால்ரேடியா முழுவதையும் ஒரு குடையின்கீழ் கொண்டுவருவதுதான் இந்த விளையாட்டு காட்டும் பெரிய இலக்கு. அங்கே 22 நகரங்கள், 40-க்கும் மேற்பட்ட கோட்டைகள். குதிரைச் சண்டைக்காக உள்ளே போகிறவரை அது கடைசியில் கொண்டுபோய் நிறுத்துவது அத்தனை ஏணிகளின் அடியில். இதே வரிசையில் அடுத்து வந்து 2022-இல் முழுமையாக வெளியான 'பேனர்லார்ட்' விளையாட்டின் முற்றுகையில் பல ஏணிகள், கதவை இடிக்கும் தூலம், கல்லெறியும் பொறிகள் எல்லாம் உண்டு. அங்கும் ஏணியடியில் கூட்டம் கூடத்தான் செய்கிறது, ஆனால் படைக்குப் போக வேறு வழியாவது இருக்கிறது. காசு கொடுப்பதென்றால் அதற்குக் கொடுக்கலாம்.

பிடிவாதமாக வார்பேண்டே வேண்டும் என்பவர்கள் அரியணை ஆசையை விட்டுவிடுங்கள். கூலிப்படைத் தலைவனாக இருந்து, திறந்த வெளியில் மட்டும் போரிடுங்கள். நல்ல ஈட்டி ஒன்றும், திடமான குதிரை ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். புகழ் ஏற ஏற, வந்து விசுவாசப் பிரமாணம் செய்துகொள் என்று அரசர்களிடமிருந்து அழைப்பு வரும். போகாதீர்கள்.