ஊட்டியில எதுக்குங்க ஏசி? அஞ்சு பனிக்காலம் ஓட்டிப் பாத்த அனுபவம்

ஊட்டியில ஏசியான்னு கேக்காத ஆளே இல்ல, வித்த கடைக்காரரே ரெண்டு தடவ கேட்டாரு. இது ஹாட் அண்ட் கோல்ட் மாடல், அதாவது குளிரும் குடுக்கும் சூடும் குடுக்கும், ஒன்றரை டன் இன்வெர்ட்டர், 2020 அக்டோபர்ல ஊட்டி காந்தல் ஏரியா வீட்டுல அம்மா ரூம்ல மாட்டுனது. கூலிங்ல இதுவரைக்கும் ஓடுனது மாட்ட வந்த பசங்க டெஸ்ட் பண்ண அந்த பத்து நிமிஷம் மட்டுந்தான். அதுக்கு முன்னாடி அம்மா கணப்புச் சட்டியில கரியப் போட்டு கட்டிலுக்குக் கீழ வெச்சுக்குவாங்க, ஜன்னலையும் சாத்திட்டு அப்படிப் படுத்தா கார்பன் மோனாக்சைடு வாசனையே காட்டாம ஆளை முடிச்சிடும்னு எத்தன தடவ சொல்லியும் கேக்கல, அதான் இந்தச் செலவு.

மொத கேள்வி கரண்ட் பில்லுதான வரும். 2000 வாட்ஸ் ராட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடுனா ரெண்டு யூனிட் போச்சு. ஏசி அப்படி சூட்ட உண்டாக்கறதில்ல, வெளிக்காத்துல கெடக்கற சூட்ட வாரி உள்ள தள்ளுது, அதனால ஒரு யூனிட் கரண்ட்டுக்கு ரெண்டு மூணு யூனிட் சூடு கெடைக்கும். ஆனா பெட்டி மேல போட்டிருக்கற ஹீட்டிங் கணக்கு வெளிய 7 டிகிரி இருக்கறப்ப எடுத்தது. இங்க ஜனவரி விடியக்காலைல பூஜ்யத்த ஒட்டிப் போயிடும், அப்ப திணறத்தான் செய்யும். பத்தாததுக்கு நாம இருக்கறது 2240 மீட்டர் உயரம், காத்து கடலோரத்த விட அஞ்சுல ஒரு பங்கு லேசு, ஃபேன் அதே வேகத்துல சுத்துனாலும் சூட்ட சுமக்க காத்து கம்மி. ஒரு டன் போதும்னாங்க, நல்லவேளை கேக்கல. 20 டிகிரில வெச்சா ரெண்டு மாச பில்லு 500 யூனிட்டுக்குள்ள நிக்குது, 24ல வெச்ச மாசம் தாண்டி ரேட்டு ஸ்லாப்பே மாறிடுச்சு.

மொத வருஷம் நீர்ப்பனி வரைக்கும் ராஜா மாதிரி ஓடுச்சு. உறைபனி விழுந்த வாரம், காலைல நாலரை மணி, அம்மா வந்து தட்டுறாங்க, "டேய், உன் மெஷின் மூச்ச நிறுத்திடுச்சு, வெளிய புகை புகையா வருது." டார்ச் எடுத்துட்டு ஓடுனா அவுட்டோர் யூனிட்ட சுத்தி வெள்ளையா ஆவி. தீப்பிடிச்சிருச்சுன்னு கரண்ட்டு போர்டுல இருக்கற எம்சிபி சுவிட்ச எறக்கிட்டு, மெக்கானிக்குக்கு போன் போட்டு, அந்தத் தம்பி குன்னூர்ல இருந்து ரெண்டு நாள் கழிச்சு வந்து சிரிக்கறாப்ல. "அண்ணே, இது டிஃப்ராஸ்ட்டு, ரிப்பேர் இல்ல." ஹீட்டிங்ல ஓடறப்ப வெளிக்காயில் மேல பனி படியும், அதை உருக்க மெஷினே கொஞ்ச நேரம் உள்ள சூட்ட நிறுத்திட்டு சூடான கேஸ வெளிய திருப்பி விடும், அந்த ஆவிதான். பத்து நிமிஷம் பொறுத்திருந்தா தானா சூடு வந்திருக்கும். இதக் கேக்க 800 ரூபா.

ஆனா உருகுன தண்ணி எங்க போகுதுங்கறதுதான் நெஜமான பிரச்சனை. எங்க யூனிட்ட வடக்குச் செவுரோரம், வெயிலே படாத எடத்துல, தரையோட தரையா வெச்சு, தண்ணி சிந்தாம இருக்க ஒரு மெல்லிசு ட்யூபையும் மாட்டிட்டுப் போயிருந்தாங்க. ராத்திரி ட்யூபுக்குள்ளயே தண்ணி உறைஞ்சு, அடித்தட்டுல ஐஸ் ஏறி, ஃபேன் றெக்கை அதுல பட்டு டக் டக் டக்குன்னு சத்தம். நான் ஸ்க்ரூடிரைவரோட போனேன், தம்பி கையப் புடிச்சிட்டாப்ல, காயில்ல ஓட்ட விழுந்தா கேஸ் மொத்தமும் போயிடுமாம். அப்புறம் காலை வெயில் படற கிழக்குச் செவுருக்கு மாத்தி, ஒன்றரை அடி ஸ்டாண்டு போட்டு, அந்த ட்யூபையும் கழட்டி எறிஞ்சாச்சு, தண்ணி நேரா மண்ணுல சொட்டட்டும். அந்த டக் டக் அதோட சரி.

ஃபில்டர் பத்தி யாரும் சொல்லல. கீழ ஊர்ல தூசி அடைக்கும், இங்க கம்பளி. ஸ்வெட்டரு, ஷாலு, கம்பளில உதிர்ற நூலெல்லாம் சேந்து சாம்பக்கலர் பஞ்சு மெத்தையாவே உரிஞ்சு வருது, பனிக்காலத்துல பதினஞ்சு நாளைக்கொருக்கா கழுவலன்னா சூடு பாதிதான். காத்து வர்ற தகட்ட நேரா கீழ பாத்து வெக்கணும், இல்லாட்டி சூடெல்லாம் சீலிங்குல நின்னுக்கும், கால் ஜில்லுனே கெடக்கும்.

ஜூன் ஜூலை மழையில ட்ரை மோடு ஈரத்த எடுக்கும்னு நம்பி ஏமாந்தேன், ரூமே 16 டிகிரில இருக்கறப்ப அதால பெருசா ஒண்ணும் ஆகல. சாயங்காலம் ஒரு மணி நேரம் ஹீட்டிங், வெயில் எட்டிப் பாத்தா ஜன்னல தெறக்கறது, இப்ப அம்மா தோல் செருப்புல பூசணம் கம்மி. இடி இடிச்சா எம்சிபி எறக்கிடுவோம், ஸ்டெபிலைசர் கட்டாயம்.

மூணாவது வருஷம் எலி. கதகதப்புக்கு யூனிட்டுக்குள்ள புகுந்து பைப்பு மேல இருந்த கறுப்பு ஃபோமப் பிச்சு கூடு கட்டி சென்சர் ஒயரையும் கடிச்சிருந்துச்சு, ஆள் கூலியோட 2400. இப்ப கோழிக்கூண்டு கம்பி வலை சுத்தியிருக்கு. வலையிலயும் பனி புடிக்குது, அதத் தட்டி விடறது அம்மா வேலை, காலைல காப்பி குடிச்ச கையோட துடைப்பக்கட்டையோட போயிடுவாங்க.