மீன்தொட்டிக்குக் கடல்நீர்: சரக்கு நல்லது, சுமை ஜாஸ்தி

மீன்தொட்டிக்கென்று விற்கும் கடல் உப்புக் கலவை பாக்கெட் வாங்கினால் பின்பக்கம் கால்சியம் இவ்வளவு, மெக்னீசியம் இவ்வளவு என்று அச்சடித்திருக்கும். கடலில் மொண்டு வரும் தண்ணீருக்கு லேபிள் கிடையாது. எந்த இடத்தில், எந்த நேரத்தில் மொண்டோம் என்பதுதான் அதன் தரம். என்னிடம் இரண்டு தொட்டிகள் இருக்கின்றன. ஒன்றில் ஒரு ஜோடி கோமாளி மீனும் டாம்சல் மீன்களும், இன்னொன்றில் பவளங்கள். இரண்டிலும் கடல்நீரை ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சரக்கைப் பற்றி. நடுக்கடல் நீரில் உப்பின் அளவு கிலோவுக்குச் சுமார் 35 கிராம். 25 டிகிரி வெப்பத்தில் ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட கனம்) 1.026. கால்சியம் லிட்டருக்கு 410 மில்லிகிராமை ஒட்டியும், மெக்னீசியம் 1,300-ஐ ஒட்டியும் இருக்கும். ஆல்கலினிட்டி (அமிலத்தைச் சமன் செய்யும் கார்பனேட் சத்து) மட்டும், அதை அளக்கும் டிகேஹெச் அலகில், 7-க்குச் சற்றுக் கீழே. மீன்களுக்கு இது தாராளம். வேகமாக வளரும் கல் பவளங்கள் நிறைந்த தொட்டியில்தான் பிரச்சினை. அவை எலும்புக்கூடு கட்டுவதற்குக் கால்சியத்தையும் ஆல்கலினிட்டியையும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 7-இல் தொடங்கினால் இறங்குவதற்கு இடமே இல்லை. பவளத் தொட்டிக்கென்று விற்கும் பல உப்புக் கலவைகள் 8 முதல் 12 வரை வைத்திருப்பது அதனால்தான். கடல்நீர்தான் 'இயற்கை', அதனால் அதுதான் பவளத்துக்கு உகந்தது என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பாறைத் திட்டைச் சுற்றிக் கடல் ஓயாமல் புதுத் தண்ணீரைக் கொண்டுவந்து தள்ளுகிறது. நம் தொட்டியில் அந்த வேலையைச் செய்ய யாரும் இல்லை, இந்தச் சத்துகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கும் டோசிங் பம்ப்தான் உண்டு.

கரையோரத் தண்ணீரோ இந்தக் கணக்குக்குள் அடங்காது. மழைக்குப் பிறகு மொண்ட தண்ணீரை உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்தால் நீலக் கோடு 35-க்குப் பதில் 31-இல் நின்றது. லிட்டருக்கு 4 கிராமுக்குச் சற்றுக் கூடுதலாகப் பாக்கெட் உப்பைக் கரைத்துச் சரிசெய்யலாம், அது பெரிய விஷயமில்லை. ஆனால் மழை கூடவே அடித்துக்கொண்டு வரும் உரமும் சாக்கடையும் எந்தக் கோட்டிலும் தெரியாது. முகத்துவாரம், துறைமுகம், படகு நிறுத்துமிடம் எல்லாவற்றுக்கும் தள்ளியே போங்கள். படகின் அடியில் பாசி ஒட்டாமல் இருக்கப் பூசும் பெயின்ட்டில் பெரும்பாலும் தாமிரம் இருக்கும். மீன் தாங்கும் அளவு தாமிரமே இறாலையும் பவளத்தையும் கொன்றுவிடும். என் வழக்கம், ஓதம் ஏறி முடியும் நேரம் பார்த்து, நாலைந்து நாளாக மழை இல்லாதபோது, அலை மணலைக் கிளப்பாத பாறைப் பக்கமாக மொள்வது. தண்ணீர் பச்சையாகவோ செம்பழுப்பாகவோ தெரிந்தால் வெறும் கேனோடு திரும்பிவிடுவேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான வேலை. அந்தத் தண்ணீர் உயிருள்ளது. இரவில் கேன் மேல் டார்ச் அடித்தால் இறாலுக்கு உறவான பொடி உயிர்களான கோப்பிபாடுகள் புள்ளி புள்ளியாகத் துள்ளுவது தெரியும். பார்க்க அழகுதான். ஆனால் மூடியை இறுக்கி ஒரு மூலையில் வைத்துவிட்டால் அத்தனையும் செத்து, ஆக்சிஜன் தீர்ந்து, அழுகிய முட்டை நாற்றம் அடிக்க ஆரம்பிக்கும். அம்மோனியாவும் ஏறும். அதனால் இரண்டில் ஒரு வழிதான். 5 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டி அன்றே தொட்டிக்கு மாற்றலாம். அப்படிச் செய்தால் பிளாங்க்டனில் (தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களில்) ஒரு பங்கு பவளங்களுக்குத் தீனியாகும், கூடவே ஒட்டுண்ணி வரும் அபாயத்தையும் ஏற்க வேண்டும். இல்லையென்றால் கிருமி நீக்கிச் சேமிக்கலாம்.

நான் இரண்டாவது கட்சி. வடிகட்டிய தண்ணீரில் வாசனை சேர்க்காத சாதா பிளீச்சை விட்டு, தண்ணீரைச் சுழற்றும் பவர்ஹெட் மோட்டாரை ஓடவிட்டு, மறுநாள் மிஞ்சிய குளோரினைச் சோடியம் தயோசல்பேட்டால் முறிப்பேன். கடல்நீரில் புரோமைடு இருப்பதால் குளோரின் அதோடு சேர்ந்து புரோமினாக மாறிவிடும். மூக்கை நம்பி 'வாசனை போய்விட்டது' என்று ஊற்றக் கூடாது. மொத்தக் குளோரின் காட்டும் கிட்டில் பூஜ்யம் வர வேண்டும். அப்புறம் அம்மோனியாவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கேன் உணவுக்குப் பயன்படும் ரகமாக இருக்கட்டும். சோப்பு, பெயின்ட் இருந்த டப்பாவை எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம்.

சுமையைப் பற்றிச் சொல்லாவிட்டால் விமர்சனம் முழுமையாகாது. 20 லிட்டர் கேன் தண்ணீர் மட்டுமே இருபதரைக் கிலோ. பாறையிலிருந்து வண்டி வரை, வண்டியிலிருந்து மாடி வரை. 200 லிட்டர் தொட்டியில் பத்து சதவீதம் மாற்ற அப்படி ஒரு கேன் போதும்; புதுத் தொட்டியை நிரப்பவோ பத்து கேன் சுமக்க வேண்டும். உப்பு ஓசி, முதுகு ஓசி இல்லை. நடுவே ஆவியாகிக் குறையும் அளவுக்குக் கடல்நீரை ஊற்றி நிரப்பாதீர்கள். ஆவியாவது நீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அதற்கு ஆர்.ஓ. தண்ணீர்தான்.

சரி, என் முடிவு என்ன? மீன் தொட்டிக்குக் கடல்நீரையே தொடர்கிறேன். மீன்கள் நன்றாக இருக்கின்றன, மீன் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட்டும் கட்டுக்குள் இருக்கிறது. பவளத் தொட்டி பாக்கெட் உப்புக்குத் திரும்பிவிட்டது. ஒவ்வொரு கேனிலும் ஆல்கலினிட்டி பார்த்து ஏற்றுவதற்குள், ஆர்.ஓ. தண்ணீரில் உப்பைக் கரைத்து வேலையை முடித்துவிடலாம். கடலுக்குப் பக்கத்தில் இருந்து, மீன் மட்டும் வளர்ப்பவர்கள் தாராளமாக இறங்கலாம். அப்போதும் ஒரு பாக்கெட் உப்பை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அடைமழை நேரத்தில் திடீரென்று பாதித் தண்ணீரை மாற்ற வேண்டி வந்தால் கடலுக்குப் போய்ப் பயனில்லை.