சூச்சோவில் வாங்கிய காய்ந்த புதினா: இரண்டு கடை, இரண்டு பொட்டலம்

வேலைக்காகச் சீனாவின் சூச்சோ நகரத்துக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இந்த ஊர் இருக்கும் ஜியாங்சு மாகாணத்தில் விளையும் புதினாவுக்குச் சீன மருந்துக்கடைகளில் தனி மரியாதை உண்டு, 'சூ போஹ' என்று மண்ணின் பெயரைச் சேர்த்தே சொல்வார்கள். போஹ என்றால் புதினா. ஆனால் நாம் சட்னி அரைக்கிற புதினா என்று நினைத்துவிடாதீர்கள். நம்முடையதன் வாசனை கார்வோன் என்ற பொருளால் வருவது, மென்தால் அதில் பெயருக்குத்தான் இருக்கும். போஹவில் மென்தால்தான் எல்லாமே. ஓர் இலையை மென்று மூச்சை உள்ளே இழுத்தால் தொண்டை வரை ஜில்லென்று இறங்கும்.

முதல் பொட்டலத்தைப் பெரிய கடை ஒன்றின் அலமாரியில் எடுத்தேன், 100 கிராம் 12 யுவான். பிரித்துப் பார்த்தால் துடைப்பக் குச்சியை ஒடித்துப் போட்ட மாதிரி வெறும் தண்டு! தண்டு இருப்பது தப்பில்லை, மருந்தாகச் சேர்ப்பதே தரைக்கு மேலே உள்ள முழுச் செடியைத்தான். ஆனால் இலை குறைந்தது 30 சதவீதமாவது இருக்க வேண்டும் என்று சீன அரசின் மருந்து நூலிலேயே இருக்கிறது, இந்தப் பையில் பத்து இருந்தாலே அதிகம். உறையில் 20 நிமிடம் கொதிக்க வைக்கச் சொல்லியிருந்தார்கள், நானும் அப்படியே செய்தேன். வீடெல்லாம் மணந்தது, கோப்பையில் வைக்கோல் தண்ணீர்தான் மிஞ்சியது.

அப்புறம்தான் அலுவலகத் தோழி ஒருவர் சந்துக்குள் இருக்கும் பழைய மருந்துக்கடைக்கு அழைத்துப் போனார். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர இழுப்பறைகள், ஒவ்வொன்றின் முகப்பிலும் மருந்தின் பெயர். வெள்ளைக் கோட்டு போட்ட ஓர் அம்மா. போஹ வேண்டும் என்றதும் இழுப்பறையைத் திறக்கவில்லை. தொண்டை வலிக்கிறதா, காய்ச்சல் அடிக்கிறதா, இல்லை குளிர் நடுக்கமா, சளி மஞ்சளா, தண்ணியா என்று வரிசையாகக் கேட்டார், தோழிதான் மொழிபெயர்த்தார். எனக்கு அன்றைக்கு மூக்கில் தண்ணீராக ஒழுகிக்கொண்டிருந்தது, குளிரும் இருந்தது. "இது குளிர்க் காற்றால் வந்தது, உங்களுக்குப் போஹ வேண்டாம்" என்று சொல்லி இஞ்சியும் பெரில்லா என்ற மூலிகையின் இலையும் கொடுத்து அனுப்பிவிட்டார். கேட்டு வந்ததை விற்காமல் அனுப்புகிற கடையை நான் பார்த்ததே இல்லை.

சீன மருத்துவக் கணக்கில் போஹ காரச் சுவையும் குளிர்ந்த குணமும் கொண்டது, உடலில் ஓடுவதாக அவர்கள் சொல்லும் பாதைகளில் நுரையீரல், கல்லீரல் இரண்டின் பாதையிலும் செல்வது. தொண்டை எரிச்சலும் தலைவலியும் கண் சிவப்புமாகத் தொடங்குகிற 'சூட்டுக் காற்று' ஜலதோஷத்துக்கு அதைத் தருகிறார்கள். 1798இல் வூ ஜூதோங் என்ற சீன மருத்துவர் எழுதிய நூலில் வரும் யின் சியாவ் சான் என்ற கலவையிலும் போஹ உண்டு, இன்றும் மாத்திரையாகக் கிடைக்கிறது. இன்னொரு பயன் எனக்குப் புதிது: மனம் இறுகி, விலாப்புறம் அடைத்து, எரிச்சலாக இருப்பவர்களுக்குத் தரும் சோங் அரச வம்சக் காலத்து சியாவ் யாவ் சான் கலவையில் இதைச் சிட்டிகை அளவுதான் போடுவார்கள், கல்லீரலில் தேங்கிய 'ச்சீ'யை, அதாவது அவர்கள் சொல்லும் உயிராற்றலை, கலைத்துவிட.

பத்து நாள் கழித்துத் தொண்டை கரகரத்தபோது மறுபடி போனேன், இந்த முறை கிடைத்தது. நல்ல பச்சை நிறம், பாதிக்கு மேல் இலை, கையில் கசக்கினாலே மூக்கு திறந்துகொள்கிறது. 50 கிராம் 10 யுவான், முதல் கடையை விட விலை கூடத்தான், கொடுக்கலாம். காகிதத்தில் மடித்துத் தரும்போது 'ஹோ ஷியா' என்று இரண்டு தடவை சொன்னார். கடைசியில் போடு என்று அர்த்தம். மற்ற மருந்துகள் கொதித்து முடியும் தறுவாயில்தான் இதைப் போட வேண்டும், ஐந்து நிமிடத்துக்கு மேல் கொதித்தால் மென்தால் ஆவியோடு போய்விடும். நான் 20 நிமிடம் கொதிக்க வைத்ததைச் சொன்னதும் அந்த அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. அளவு நாளைக்கு 3 முதல் 6 கிராம். தனியாக என்றால் கொதித்த தண்ணீரை ஊற்றி மூடி வைத்தால் போதும், கூட நாலு சாமந்திப்பூ போட்டுக்கொண்டேன். தொண்டைக்கு உடனே இதமாக இருந்தது உண்மை, ஜலதோஷம் அதன் போக்கில்தான் போனது. தோலிலும் வாயிலும் குளிரை உணரும் நரம்புகளை மென்தால் தூண்டிவிடுகிறது, அந்த ஜில் அப்படி வருவது.

குறை என்றால், பொட்டலத்தில் எதுவும் அச்சிடவில்லை. தாய்ப்பால் கொடுப்பவர்களும் சும்மாவே வியர்த்துக் கொட்டுகிறவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும் என்பதை அந்த அம்மா வாயால் சொன்னார், சீன மொழி தெரியாமல் தனியாகப் போகிறவருக்கு அது எப்படித் தெரியும்? நெஞ்செரிச்சல் உள்ளவர்களும் கவனம், எனக்கு இரவில் குடித்தபோது புளித்த ஏப்பம் வந்தது. காகிதப் பொட்டலத்தை அப்படியே வைத்தால் மூன்று வாரத்தில் மணம் பாதியாகிவிடுகிறது, வந்ததும் கண்ணாடிப் புட்டியில் போட்டு இறுக மூடிவிடுங்கள். முதல் கடையில் வாங்கிய குச்சிகள் இன்னும் சமையலறையில் கிடக்கின்றன, பாதங்களை ஊறவைக்கும் வெந்நீருக்குப் போட்டுத் தீர்த்துக்கொண்டிருக்கிறேன்.