மாசியில விதைச்ச மொட்டைமாடி: தோட்டக்கலைத்துறை கிட் பத்தி என் ரிவ்யூ

மாடித்தோட்டம் போடணும்னு ஆசை இருக்கு, ஆனா எங்கேருந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியலன்னு சொல்றவங்க எல்லார்கிட்டயும் நான் ஒரே பதில்தான் சொல்றேன், தோட்டக்கலைத்துறை மானியத்துல குடுக்கற மாடித்தோட்ட கிட்டை வாங்குங்க, அதையும் தை மாசத்துக்குள்ள வாங்கிடுங்க. மார்கழிப் பனி போய் தை பொறந்ததும் நம்ம சென்னையில வெயில் கொஞ்சம் கொஞ்சமா ஏற ஆரம்பிக்கும், மாசி பங்குனியில வேப்பமரம் பழைய இலையெல்லாம் கொட்டிட்டு செம்பு நிறத்துல கொழுந்து விடும், கறிவேப்பிலை துளிர்க்கும், குண்டுமல்லி மொட்டு வைக்கும், நமக்கு வசந்தம்னா அந்த ரெண்டு மாசம்தான். அந்த ரெண்டு மாசத்துல செடி மண்ணுல வேர் புடிச்சு நின்னுட்டா சித்திரை வெயிலை அது தாங்கும், பங்குனி கடைசியில போய் விதை போட்டா குட்டி நாத்து பாவம் வெயில்ல சுருண்டுடும். அதான் தைப்பட்டம்னு விவசாயிங்க சொல்றது, மொட்டைமாடிக்கும் அதே கணக்குதான்.

கிட்டுக்கு வருவோம். 2021ல முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, அதுல வந்ததுதான் இது. இதுக்கு முன்னாடி 2013-14லயே சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் ‘நீங்களே செய்து பாருங்கள்’னு ஒரு கிட் குடுத்தாங்க, பழைய ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும். இந்தப் புது கிட்ல ஆறு செடி வளர்க்கற பை, ரெண்டு ரெண்டு கிலோவுல ஆறு தென்னை நார்க் கட்டி, ஆறு வகை காய்கறி விதை, 400 கிராம் உயிர் உரம், 200 கிராம் உயிரி கட்டுப்பாட்டு மருந்து, 100 மில்லி வேப்ப மருந்து, கூட ஒரு கையேடு. 900 ரூபா மதிப்புள்ளதை 225 ரூபாவுக்குன்னு ஆரம்பிச்சாங்க, மானியம் வருஷத்துக்கு வருஷம் மாறும், அதனால தோட்டக்கலைத்துறை வெப்சைட்ல இந்த வருஷம் கிட் குடுக்கறாங்களா, என்ன விலைன்னு பாத்துட்டு அங்கயே பதிவு பண்ணிடுங்க. ஆரம்பிச்சப்போ ஆதார் கேட்டாங்க, ஒருத்தருக்கு அதிகபட்சம் ரெண்டு கிட் குடுத்தாங்க.

முழு விலை 900 குடுத்து வாங்கினாக்கூட நான் இதை வாங்கச் சொல்லுவேன், அதுக்கு காரணம் பையும் விதையும் இல்ல. பை எங்கயும் கிடைக்கும், விதை அதைவிட ஈஸி. இந்த கிட்டோட உயிரே எல்லாரும் ஓரமா வச்சுட்டு மறந்துடற அந்த உயிர் உரம், உயிரி கட்டுப்பாட்டு மருந்து குட்டி குட்டி பாக்கெட்டுலதான் இருக்கு, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா விரிடின்னு பேர் போட்டு பழுப்பு கலர்ல பொடி மாதிரி இருக்கும். பேரைப் பாத்து பயந்துடாதீங்க. அசோஸ்பைரில்லம் காத்துல இருக்கற தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, வேருக்கு புடிச்சுக் குடுக்கும், பாஸ்போபாக்டீரியா மண்ணுல கரையாம கெடக்கற மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, கரைச்சு செடி எடுத்துக்கற மாதிரி ஆக்கும், டிரைக்கோடெர்மா வேர் அழுகல் வர்ற பூஞ்சையை அடக்கி வைக்கும். மூணும் உயிரோட இருக்கற நுண்ணுயிரி, அதனால வாங்கினதும் வெயில் படாத இடத்துல வைங்க, பாக்கெட் மேல போட்டிருக்கற தேதிக்குள்ள யூஸ் பண்ணிடுங்க, ரசாயன பூஞ்சை மருந்தோட சேத்து போடவே கூடாது, போட்டா நம்ம கையாலேயே அதைக் கொன்ன மாதிரி. நான் என்ன பண்றேன்னா மண்புழு உரத்தை கொஞ்சம் ஈரமாக்கி அதுல இந்தப் பொடிகளைக் கலந்து ஈரச்சாக்கு போட்டு மூடி நிழல்ல ஒரு வாரம் வச்சுடுவேன், அதுக்குள்ள அது நல்லா பெருகிடும், அப்புறம் அதை எடுத்து பையில கலந்தா செடி வளர்ற வேகமே வேற.

தென்னை நார் கட்டியைப் பத்தி ஒண்ணு சொல்லணும். ரெண்டு கிலோ கட்டியை டப்ல போட்டு தண்ணி ஊத்தினா இட்லி மாவு பொங்கற மாதிரி பொங்கி மேல வரும், பசங்களை இந்த வேலைக்கு விடுங்க, அவங்களுக்கு அவ்ளோ புடிக்கும். ஆனா தென்னை நார்ல இயற்கையாவே உப்பு இருக்கும், ரெண்டு மூணு தடவை நல்ல தண்ணியில அலசிப் புழிஞ்சுட்டுத்தான் யூஸ் பண்ணணும். இதுக்கு முன்னாடி வேற ஒரு ஆன்லைன் கடையில “கழுவியே அனுப்புறோம், அப்படியே போடலாம்”னு எழுதி வித்த கட்டியை நம்பி வாங்கினேன், நாத்தோட இலை ஓரமெல்லாம் கருகிப்போச்சு, அலசற தண்ணி டீ டிகாஷன் கலர்ல வந்துட்டே இருந்துச்சு. அதனால எந்தக் கட்டியா இருந்தாலும் அலசுங்க. இன்னொண்ணு, நார்ல ஈரம் நிக்குமே தவிர செடிக்குத் தேவையான சத்து ரொம்பக் கம்மி. வெறும் நார்லயே விதை போட்டா முளைக்கும், நாலு இலை விடும், அதுக்கு மேல மஞ்சளா நிக்கும். நார் ரெண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு, இதுதான் என் கலவை. ஆக கிட் வாங்கற அன்னைக்கே மண்புழு உரத்துக்கும் செம்மண்ணுக்கும் தனியா காசு எடுத்து வச்சுக்கோங்க, அது கிட்ல வராது.

இப்ப சந்தோஷமான பகுதி. ஆறு விதையில எனக்கு முதல்ல மனசைப் பறிச்சது வெண்டைதான். விதையை ராத்திரி தண்ணியில ஊறப்போட்டு நேரா பையிலயே ஊனிடுங்க, வெண்டையை புடுங்கி நட்டா அதுக்கு புடிக்காது. நாலஞ்சு நாள்ல மண்ணைத் தள்ளிட்டு குனிஞ்ச தலையோட வெளிய வரும், மறுநாள் காலையில பாத்தா நிமிந்து ரெண்டு இலையை விரிச்சுட்டு நிக்கும். முப்பத்தஞ்சு நாப்பது நாள்ல பூ. வெண்டைப்பூவை காலையில பாத்திருக்கீங்களா, வெளிர் மஞ்சள் இதழு, நடுவுல கருஞ்சிவப்பா ஒரு பொட்டு, கடையில காசு குடுத்து வாங்கற செம்பருத்திக்கு கொஞ்சமும் கொறைஞ்சது இல்ல, ரெண்டும் ஒரே குடும்பம்தானே. மத்தியானத்துக்குள்ள மூடிக்கும், அதனால ஆபீஸ் கிளம்பறதுக்கு முன்னாடி பாத்தாத்தான் உண்டு, நான் காப்பி டம்ளரை எடுத்துட்டு நேரா மாடிக்குப் போறதே அதுக்குத்தான். பூ உதிர்ந்து அஞ்சாறு நாள்ல காய் பறிக்கலாம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிச்சே ஆகணும், விட்டா முத்தி நாராயிடும். நுனியை உடைச்சா டக்குனு உடையற வெண்டைக்காயை அப்பவே நறுக்கி வதக்கினா ஒரு சொட்டு வழவழப்பு இல்ல, எங்க அத்தை வாயாலயே “இதுல மோர்க்குழம்பு வைமா, கடையில வாங்கினதுல வேணாம்”னு வந்துச்சு, அவங்க சும்மா பாராட்டற ஆளு கிடையாது.

கத்தரியும் தக்காளியும் மிளகாயும் தனியா ஒரு ட்ரேல நாத்து விட்டு ஒரு மாசம் கழிச்சுத்தான் பைக்கு மாத்தணும், சாயங்காலமா மாத்துங்க, காலையில மாத்தினா அன்னைக்கு வெயில்லயே வாடிடும். கொத்தவரை வெயிலை விரும்பற செடி, சித்திரையிலயும் அசராம காய்க்கும். கீரை வெதைச்சா இருபது இருபத்தஞ்சு நாள்ல ஒரு கட்டு. புதுசா ஆரம்பிக்கறவங்க மனசு தளராம இருக்க கீரையை கண்டிப்பா ஒரு பையில போடுங்க, மத்த செடியெல்லாம் நாத்தா நிக்கும்போதே இது பொரியலா தட்டுக்கு வந்துடும்.

தக்காளி விஷயத்துல மட்டும் எதிர்பார்ப்பை கொஞ்சம் குறைச்சுக்கோங்க. ராத்திரியும் சூடா இருந்தா தக்காளிப்பூ காயா மாறாம உதிர்ந்துடும், சென்னையில பங்குனி பாதிக்கு மேல ராத்திரி புழுக்கம் எப்படின்னு உங்களுக்கே தெரியும். தையிலயே நாத்து ரெடியா இருந்தா ஒரு ரவுண்டு காய் எடுத்துடலாம், அதுக்கப்புறம் பூ உதிர்ந்தா அது உரக்குறைவும் இல்ல உங்க தப்பும் இல்ல. கத்தரி வெண்டை கொத்தவரை இந்த மூணையும் நம்புங்க. அக்னி நட்சத்திரம் மே 4ஆம் தேதி வாக்குல ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பச்சை நிழல்வலை, 50 சதவீதம் நிழல் தர்றது, கட்டிட்டா செடியும் பிழைக்கும், கீழ் வீட்டு ஹாலும் கொஞ்சம் குளுகுளுன்னு இருக்கும்.

செடி வந்தா கூடவே வர்ற ஆளுங்களைப் பத்தி எந்தக் கையேடும் சொல்றதில்ல. முதல் பூ விட்ட வாரமே கொசுத்தேனீ வந்துச்சு, ஈயை விட சின்னது, கொட்டாது, எங்கேருந்து மோப்பம் புடிச்சு நாலாவது மாடிக்கு வந்துச்சோ. அப்புறம் தேன்சிட்டு, கத்தரிக்குப் பக்கத்துல நான் சும்மா வச்ச இட்லிப்பூ தொட்டிக்கு வந்து தலைகீழா தொங்கி தேன் குடிக்கும். தையல்சிட்டு வாலை தூக்கிட்டு புழு பொறுக்கும். அணில் மட்டும் தக்காளி சிவக்கற வரைக்கும் காத்திருந்து கடிச்சுட்டு போகும், அதுக்கு நான் காய் நிறம் திரும்பும்போதே பறிச்சு அரிசி டப்பாவுல வச்சு பழுக்க வைக்கறேன். பக்கத்து ஃப்ளாட் அக்கா இதுக்கு முன்னாடி லிஃப்ட்ல பாத்தா தலையாட்டறதோட சரி, இப்ப துணி காயப்போட வர்றவங்க அரை மணி நேரம் செடிகிட்டயே நின்னு பேசிட்டுத்தான் இறங்கறாங்க, அவங்களே “ஒரு பை எனக்கும் வைம்மா, நான் தண்ணி ஊத்தறேன்”னு கேட்டாங்க.

பூச்சிக்கு கிட்ல வர்ற வேப்ப மருந்து ஆரம்பத்துக்கு நல்லாவே போதும். பாட்டில்ல போட்டிருக்கற அளவுக்கு தண்ணியில கலந்து, சாயங்காலம் இலையோட அடிப்பக்கம் படற மாதிரி அடிங்க, அங்கதான் சாறு உறிஞ்சற அசுவினியும் வெள்ளை ஈயும் உக்காந்திருக்கும். வெண்டையில இலை நரம்பு மஞ்சளா வலை மாதிரி தெரிஞ்சா அது வெள்ளை ஈ பரப்பற வைரஸ், மருந்து அடிச்சு சரியாகாது, அந்தச் செடியைப் புடுங்கிடுங்க, பூச்சி வந்து ஒட்டிக்கற மஞ்சள் அட்டை, மஞ்சள் ஒட்டுப்பொறின்னு சொல்லுவாங்க, அதுல ரெண்டு தொங்க விடுங்க. கத்தரியில நுனித்தண்டு திடீர்னு வாடித் தொங்கினா உள்ள புழு இருக்கு, அந்த நுனியை கிள்ளி எடுத்து நசுக்கிடணும். மாவுப்பூச்சிக்கு தண்ணியை பீச்சி அடிச்சாலே பாதி போயிடும்.

தண்ணி பத்தி சென்னைக்காரங்களுக்குன்னு தனியா ஒண்ணு. போர் தண்ணி நிறைய ஏரியாவுல உப்பு, ஆர்ஓ மெஷின்லேருந்து வெளிய வர்ற கழிவுத்தண்ணியில அதைவிட உப்பு, வீணாப் போகுதேன்னு அதை செடிக்கு ஊத்தாதீங்க, வீடு துடைக்க வச்சுக்கலாம். மெட்ரோ வாட்டரோ அரிசி களைஞ்ச தண்ணியோ நல்லது. பையோட அடிப்பக்கவாட்டுல ஓட்டை இருக்கான்னு பாருங்க, பையை நேரா தரையில வைக்காம செங்கல் மேல வைங்க, தண்ணி தேங்கலன்னா மாடியும் கெடாது ஹவுஸ் ஓனரும் சத்தம் போடமாட்டாரு. நடுமாடியில கொண்டு போய் குமிக்காம சுவரோரமா வரிசையா வைக்கறது நல்லது, ஈரத்தோட பை நல்ல வெயிட் இருக்கும்.

கிட் தேவையில்லாதவங்களும் இருக்காங்க, ஏற்கனவே அம்பது தொட்டி வச்சு பந்தல் போட்டு பாகல் புடலை எடுக்கறவங்களுக்கு இது சின்னது, அவங்க பெரியகுளம் பிகேஎம் 1 தக்காளி, பெங்களூரு அர்கா அனாமிகா வெண்டைன்னு ரகம் பாத்து விதை தனியா வாங்கிக்கலாம், உயிர் உரம் பாக்கெட்டையும் தனியா வாங்கிக்கலாம். முதல் தடவை பண்றவங்க, சின்ன பால்கனி இருக்கறவங்க, ரிட்டயர் ஆன அப்பா அம்மாவுக்கு ஏதாவது வாங்கிக் குடுக்கணும்னு நெனைக்கறவங்க, ஸ்கூல் படிக்கற பசங்க இருக்கற வீடு, உங்களுக்கெல்லாம் கண்ண மூடிட்டு அஞ்சுக்கு அஞ்சு. பால்கனியா இருந்தா அஞ்சாறு மணி நேரமாவது நேர் வெயில் வருதான்னு மட்டும் பாத்துக்கோங்க, அதைவிடக் கம்மின்னா காய் வேணாம், கீரையும் புதினாவும் போடுங்க.

வாங்கப் போறவங்க ஒரு பெரிய கட்டைப்பை எடுத்துட்டு போங்க, நார்க்கட்டி மட்டுமே பன்னெண்டு கிலோ, ஸ்கூட்டில போனா கால் வைக்கற இடத்துல வச்சுக்கலாம், ரெண்டு கிட்னா ஆட்டோதான். உயிர் உரம் பாக்கெட்டை மட்டும் தனியா எடுத்து ஹேண்ட்பேக்ல போட்டுக்கோங்க, வண்டியில வெயில் பட வைக்காதீங்க.