பழைய ஸ்பெக்ட்ரம் அனலைசர் வாங்குகிறவர்கள் முதலில் 'ஆஃப்செட்'டைப் பாருங்கள்

வண்ணாரப்பேட்டையில் உள்ள எங்கள் வயர்லெஸ் சர்வீஸ் கடைக்கு 85,000 ரூபாய் கொடுத்து வாங்கிய பழைய ஸ்பெக்ட்ரம் அனலைசர் (எந்த அலைவரிசையில் சிக்னல் எவ்வளவு பலமாக இருக்கிறது என்று திரையில் காட்டும் கருவி), இன்புட் பகுதி செத்துப்போன கருவி. அஜிலன்ட் இ.எஸ்.ஏ. வகை. கருவியைக் குறை சொல்லவில்லை. விற்றவரின் பெயரையும் போடவில்லை. ஸ்க்ரூடிரைவரைத் தொடாமல், மெனுவை வைத்தே ஏமாற்றியிருக்கிறார்.

தன் சிக்னல் ஜெனரேட்டரில் 100 மெகாஹெர்ட்ஸ், −20 டிபிஎம் (1 மில்லிவாட்டை 0 என்று வைத்துச் சொல்லும் சிக்னல் பலம்) வைத்துக் கொடுத்தார். சிக்னலின் உச்சியைத் தேடும் பீக் சர்ச் அமுக்கினால் மார்க்கர் −20.1 காட்டியது. "பிரிசெட்ட நீங்களே அமுக்கிப் பாருங்க அண்ணாச்சி, எல்லாம் அழிஞ்சு புதுசா வரும்லா" என்றார். அமுக்கினோம். மறுபடியும் −20.1.

ஆம்ப்ளிடியூட் மெனுவின் அடுத்த பக்கத்தில் ரெஃபரன்ஸ் லெவல் ஆஃப்செட் என்று ஒன்று உண்டு. வெளியே பேட் (சிக்னலைக் குறைக்கும் துண்டு), கேபிள் மாட்டும்போது அந்த இழப்பைக் கூட்டிக் காட்டத்தான் அது. இதில் 18 டிபி (டெசிபல்) போட்டு வைத்திருந்தார். உள்ளே தொலைந்த 18 டிபி கணக்கில் சரியாகிவிட்டது. அந்த எண் திரையில் தெரியாமலிருக்க டிஸ்ப்ளே மெனுவில் எழுத்துகளை, அதாவது அனொட்டேஷனை, அணைத்துவிட்டார். பிறகு அதையே யூசர் பிரிசெட்டாகச் சேமித்து, சிஸ்டம் மெனுவில் பிரிசெட் டைப்பை 'யூசர்' என்று மாற்றினார். பிரிசெட் அமுக்க அமுக்க அவருடைய செட்டிங்தான் வரும். ஃபேக்டரி பிரிசெட் என்றால் முழு ஸ்பானுக்கு, அதாவது கருவி காட்டும் முழு அலைவரிசை அகலத்துக்கு, போயிருக்க வேண்டும். இது 100 மெகாஹெர்ட்ஸிலேயே நின்றது. அங்கேயே முழித்திருக்க வேண்டும்.

ஆகவே கையில் பணம் கொடுக்கும் முன் பிரிசெட் டைப்பை 'ஃபேக்டரி'க்கு மாற்றி அமுக்குங்கள். எழுத்துகள் எல்லாம் தெரியட்டும். அரை மணி நேரம் சூடாகவிட்டு அலைன்மென்ட் மெனுவில், கருவி தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளும் 'அலைன் நவ், ஆல்' ஓடவிட்டு, 'ஷோ எரர்ஸ்' பாருங்கள். ஆட்டோ அலைன் அணைந்திருந்தால் சும்மா அணைத்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது, உள்ளே வரும் சிக்னலைப் படிப்படியாகக் குறைக்கும் அட்டென்யுவேட்டர். இதில்தான் வண்டவாளம் தெரியும். −20 டிபிஎம் சிக்னலைக் கொடுத்துவிட்டு அட்டென்யுவேஷனை 10, 20, 30 என்று கையால் ஏற்றுங்கள். குறைத்ததைக் கருவியே கூட்டிக் காட்டுவதால் பீக் அசையக் கூடாது. அடியில் உள்ள நாய்ஸ் (கருவியின் சொந்த இரைச்சல்) மட்டும் படிக்கு 10 டிபி ஏற வேண்டும். எங்கள் கருவியில் 20-க்குப் போனதும் பீக் 7 டிபி சரிந்தது. இன்புட்டில் சிக்னல் இல்லாமல் மூடும் 50 ஓம் டெர்மினேட்டர் மாட்டி, ஆர்.பி.டபிள்யூ. (ரெசல்யூஷன் பேண்ட்விட்த், ஒரு நேரத்தில் அளக்கும் அலைவரிசை அகலம்) 10 கிலோஹெர்ட்ஸ், அட்டென்யுவேஷன் 10 டிபி என்று வைத்தால் இந்த வகையில் நாய்ஸ் −96 டிபிஎம் பக்கம் இருக்க வேண்டும். ஆஃப்செட்டோடு வந்த எங்கள் திரையில் −78. ஆஃப்செட் பீக்கோடு நாய்ஸையும் சேர்த்துத் தூக்கும், அதை மறைக்க முடியாது. ஆர்.பி.டபிள்யூ.வைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் நாய்ஸ் 10 டிபி இறங்கவும் வேண்டும். நாய்ஸ் ஆடாமல் படம் போல நின்றால், டிரேஸ், அதாவது திரையில் ஓடும் கோடு, 'வியூ'வில் உறைந்திருக்கிறது. பூஜ்யம் ஹெர்ட்ஸில் நிற்கும் பெரிய கோடு மட்டும் கோளாறு இல்லை, எல்லா அனலைசரிலும் இருக்கும்.

'ஷோ சிஸ்டம்' திரையில் வரும் சீரியல் எண்ணைப் பின்பக்க ஸ்டிக்கரோடு ஒத்துப் பாருங்கள்.

இவை சாவது பெரும்பாலும் நம் மாதிரிக் கடைகளில்தான் என்பதையும் சொல்ல வேண்டும். இன்புட்டுக்குத் தாங்கும் அளவு +30 டிபிஎம், அதாவது 1 வாட். 5 வாட் வாக்கி டாக்கி +37. நேரே மாட்டி பிடிடி (பேசும் பட்டன்) அமுக்கினால் தீர்ந்தது. இடையில் 10 வாட் தாங்கும் 30 டிபி பேட் போட்டால் +7 தான் உள்ளே போகும்.

பில்லில் மாடல், சீரியல் எண், 'அட்டென்யுவேட்டர் எல்லாப் படியிலும் சரி' என்ற வரி, திருப்பித் தரும் கெடு ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். எங்கள் பில்லில் இருந்தது 'பழைய டெஸ்ட் மெஷின் – 1' மட்டும்.