ஒரே வரப்பு, இரண்டு குத்தகை: வெங்காயத்துக்கா, சோலாருக்கா?

தாராபுரம் பக்கம் எங்களுக்குப் பத்து ஏக்கர் தோட்டம். அப்பாவுக்குப் பிறகு எனக்கு ஐந்து, தம்பிக்கு ஐந்து என்று பாகம் பிரித்துக்கொண்டோம். நடுவில் ஒரு வரப்பு, அதன் ஓரமாக நான்கு வேப்பமரங்கள். இரண்டு பக்கமும் ஒரே செம்மண். இரண்டிலும் போர்வெல் இருக்கிறது. எனக்கு ஊரில் மோட்டார், பம்ப் சாமான் விற்கும் கடை. தம்பி பள்ளிக்கூட வாத்தியார். இருவராலும் பண்ணையம் பார்க்க முடியவில்லை, குத்தகைக்கு விடுவது என்று முடிவு செய்தோம்.

தோட்டத்துக்கு இரண்டு கிலோமீட்டரில் துணை மின் நிலையம் இருக்கிறது. அதனால் ஒரு சோலார் நிறுவனத்தின் புரோக்கர் எங்களைத் தேடி வந்தார். ஒரு மெகாவாட்டுக்கு நான்கிலிருந்து ஐந்து ஏக்கர் வேண்டும், ஆளுக்கு ஐந்து ஏக்கர் என்பது அவர்களுக்குத் தோதான அளவு. ஏக்கருக்கு ஆண்டுக்கு 40,000 ரூபாய், 27 வருட ஒப்பந்தம் என்றார். அதே சமயம் பக்கத்து ஊரில் சின்ன வெங்காயம் போடுகிற ஒருவர் ஏக்கருக்கு 28,000 தருகிறேன் என்று கேட்டார். தம்பி சோலாருக்குக் கொடுத்தான். நான் வெங்காயத்துக்குக் கொடுத்தேன். பார்க்கிறவர்கள் எல்லோரும், ஏக்கருக்கு 12,000 குறைத்துக்கொண்டு எதற்கு விட்டீர்கள் என்று கேட்கிறார்கள். அந்த 12,000 எங்கே போகிறது என்று எழுதி வைத்தால், இதே நிலைமையில் இருக்கிற இன்னொருவருக்கு உதவும்.

தெரிந்த விஷயங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். சோலார் வாடகை வங்கிக் கணக்குக்கு வரும், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் வரும். வெங்காயக்காரர் விலை விழுந்த வருடம் கையைப் பிசைவார். அதற்காகத்தான் பாதிப் பணத்தை ஆடி மாதமே முன்பணமாக வாங்கிக்கொண்டேன். சோலாருக்கு மரத்தை வெட்ட வேண்டும், தரையைச் சமப்படுத்த வேண்டும். 27 வருடம் கழித்து அந்த மண் எப்படித் திரும்பி வரும் என்பதை எங்கள் பக்கத்தில் யாரும் இன்னும் பார்க்கவில்லை. பயிர்க் குத்தகையிலும் பயம் இல்லாமல் இல்லை. 1955-ஆம் ஆண்டின் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி, உழுகிற குத்தகைதாரரை நினைத்தபோது வெளியேற்ற முடியாது. ஆளைத் தெரிந்து கொடுக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஆள், அதனால் கொடுத்தேன்.

என் முடிவைத் தீர்மானித்தது இவை எதுவும் இல்லை. ஜிஎஸ்டிதான் தீர்மானித்தது.

எங்கள் ஊரில் இன்னும் பலர் 'வாட்' என்றுதான் சொல்கிறார்கள். தமிழ்நாட்டு மதிப்புக் கூட்டு வரி 2007-இல் வந்தது. அது பொருள் விற்பனை மீதான வரி, நிலக் குத்தகை அதற்குள் வராது. 2017 ஜூலை 1-இல், பொருளுக்கும் சேவைக்கும் சேர்த்து ஜிஎஸ்டி வந்தது. நிலத்தை விற்றால் அதில் ஜிஎஸ்டி இல்லை. ஆனால் குத்தகைக்கு விட்டால் அது ஒரு சேவை என்று சட்டத்தின் இரண்டாவது அட்டவணை சொல்லிவிட்டது. நிலம் வைத்திருப்பவர் விவசாயி, அதனால் வரி வராது என்று நினைத்தால் அது தப்பு. விவசாயிக்குச் சட்டம் தருகிற விலக்கு, தானே விளைவித்ததை விற்பதற்கு மட்டும்தான். வாடகைக்கு அந்த விலக்கு பொருந்தாது.

குத்தகைக்கென்று தனி விலக்கு ஒன்று இருக்கிறது. 12/2017 என்ற அறிவிக்கையில் 54-ஆவது இனம். பயிர் வளர்ப்பு, கால்நடை வளர்ப்பு தொடர்பாகக் காலி நிலத்தை வாடகைக்கோ குத்தகைக்கோ விட்டால் வரி இல்லை. நிலத்தின் உபயோகத்துக்கு ஏற்ற கட்டடம் அதில் இருந்தாலும் பரவாயில்லை. மோட்டார் ரூம், சாளை என்கிற தோட்டத்து வீடு எல்லாம் அதில் அடங்கும். ஆடு மாடு மேய்க்கக் கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தைக் குத்தகைக்கு விடுகிற காங்கேயம் பக்கத்துக்காரர்களுக்கும் இதே விலக்கு உண்டு. குதிரை வளர்ப்பை மட்டும் பெயர் சொல்லி விலக்கி வைத்திருக்கிறார்கள்.

கவனித்துப் பார்த்தால், இந்த விலக்கு நிலம் எப்படிப்பட்டது என்று கேட்கவில்லை, உரிமையாளர் யார் என்றும் கேட்கவில்லை. அந்த நிலத்தில் என்ன நடக்கிறது என்றுதான் கேட்கிறது. சிட்டாவில் நஞ்சை என்றோ புஞ்சை என்றோ இருந்தாலும், அங்கே சோலார் பலகை நின்றால் 18 சதவீதம். செல்போன் கோபுரம் நின்றாலும் 18. லாரி நிறுத்த விட்டாலும் 18. கொப்பரை வியாபாரி களம் போட்டுக் காயவைக்கக் கேட்டாலும் எங்கள் ஆடிட்டர் 18 என்றுதான் எடுத்துக்கொள்ளச் சொன்னார், ஏனென்றால் வியாபாரி அங்கே பயிர் செய்வதில்லை.

இப்போது தம்பியின் பக்கம். அவன் ஜிஎஸ்டியில் பதிவு செய்யாதவன், பதிவு செய்ய வேண்டிய தேவையும் இல்லை. 2024 அக்டோபர் 10-க்கு முன்னால் இப்படிப்பட்டவர் சோலாருக்கு நிலம் விட்டால் யாருக்கும் வரி இல்லை. அந்தத் தேதியிலிருந்து விதியை மாற்றினார்கள். பதிவு இல்லாத ஒருவர், குடியிருப்பு அல்லாத சொத்தைப் பதிவு பெற்றவருக்கு வாடகைக்கு விட்டால், வாங்குகிறவரே வரியைக் கட்ட வேண்டும். எதிர்முறை வரி என்பார்கள். தம்பி பில் போட வேண்டாம், கணக்குத் தாக்கல் செய்ய வேண்டாம். எல்லாம் நிறுவனத்தின் தலையில்.

அப்படியானால் தம்பிக்கு 40,000 முழுதாக வருகிறதா? வரவில்லை. இந்த இடத்தை விளங்கிக்கொள்ள எனக்கே இரண்டு நாள் ஆயிற்று. சாதாரணமாக ஒரு நிறுவனம் வாடகைக்கு வரி கட்டினால், அந்த வரியைத் தன் விற்பனை வரியில் கழித்துக்கொள்ளும், வலிக்காது. ஆனால் மின்சாரத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. விற்கிற பொருளுக்கு வரி இல்லை என்றால், அதற்காக வாங்கியவற்றில் கட்டிய வரியைக் கழிக்கவும் வழியில்லை. ஆக அந்த 18 சதவீதம் சோலார் நிறுவனத்துக்கு முழுச் செலவு. அதனால்தான் புரோக்கர் சொன்ன 40,000 வரியோடு சேர்த்த தொகையாக இருந்தது. வரியைப் பிரித்துப் பார்த்தால் ஏக்கருக்கு 33,900 போல. ஐந்து ஏக்கருக்கு ஆண்டுக்கு 1,69,500 தம்பிக்கு, சுமார் 30,500 அரசுக்கு. அவனுக்கு இதில் வேறு வேலை எதுவும் இல்லை, அதனால் அவன் முடிவு அவனுக்குச் சரியே. நானே கூட இருந்து கையெழுத்துப் போட வைத்தேன்.

எனக்கு அது ஏன் சரிப்படவில்லை என்றால், நான் பதிவு பெற்றவன். கடைக்காக வாங்கிய ஜிஎஸ்டி எண். அந்த எண் பான் கார்டோடு கட்டப்பட்டது. கடை வேறு, தோட்டம் வேறு என்று நான் நினைக்கலாம், சட்டத்துக்கு இரண்டும் ஒரே ஆள். ஆக எதிர்முறை வரி எனக்குப் பொருந்தாது. வாடகைக்கு நானே பில் போட்டு, நானே 18 சதவீதம் கட்ட வேண்டும்.

நிறுவனம் அனுப்பிய ஒப்பந்த வரைவு 31 பக்கம். கடை மேஜையில் வைத்துப் படித்தேன். பதினோராம் பக்கத்தில் ஒரு வரி: வாடகைத் தொகை, தற்போதும் இனிமேலும் விதிக்கப்படும் எல்லா வரிகளும் உட்பட்டது. பார்த்தால் சின்ன வாக்கியம். 27 வருடத்தில் வரி 18-லிருந்து ஏறினால் அந்த ஏற்றமும் என்னுடையது. 'வரி நீங்கலாக' என்று மாற்றச் சொல்லிக் கேட்டேன். மின்சாரம் விற்கும் விலையைக் கணக்குப் போட்டுத்தான் இந்த வாடகை, அதற்கு மேல் தர இயலாது என்று பதில் வந்தது. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, கழிக்க முடியாத வரியை அவர்கள் எங்கே கொண்டு போய் வைப்பார்கள்?

சரி, தம்பிக்கு வருகிற அதே 33,900 எனக்கும் வரட்டும் என்று விட்டுவிடலாமே? தொகை ஒன்றுதான், சுமை ஒன்றில்லை. வாடகை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, லட்ச ரூபாய். கெடு தேதியில் நான் பில் போட்டாக வேண்டும். போட்டால் அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் 15,254 ரூபாய் வரியைக் கட்டியாக வேண்டும். நிறுவனம் பணம் போட்டதா என்று வரித்துறை பார்க்காது. தம்பிக்கு இரண்டாவது தவணை ஒன்பது வாரம் தாமதமாக வந்தது. அவனுக்கு அது வெறும் காத்திருப்பு. அதே தாமதம் எனக்கு நடந்திருந்தால், வராத வாடகைக்கு வரியைக் கடை முதலீட்டிலிருந்து எடுத்துக் கட்டியிருப்பேன். கட்டத் தவறினால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. இப்படி 27 வருடம், 54 தவணை. நாளைக்கே கடையை என் மகன் பெயருக்கு மாற்றிவிட்டு நான் ஓய்வெடுத்தாலும், நிலம் என் பெயரில் வரியுள்ள வாடகை சம்பாதிக்கிற வரை இதை யோசித்துக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

அப்புறம் வருமான வரி. சோலார் வாடகை முழுக்க வரிக்கு உட்பட்ட வருமானம். பயிர்க் குத்தகைப் பணம் விவசாய வருமானம், அதற்கு விலக்கு உண்டு. மற்ற வருமானத்துக்கான வீதம் போடும்போது மட்டும் அதையும் கூட்டிப் பார்ப்பார்கள், அதில் வரி ஏறும். எல்லாவற்றையும் கழித்து ஆடிட்டர் காகிதத்தில் எழுதிக் காட்டியபோது, சோலாரின் 2,00,000-மும் வெங்காயத்தின் 1,40,000-மும் என் விஷயத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நின்றன. கடை வருமானம் குறைவாக இருக்கிறவருக்கு இந்தக் கணக்கு சோலார் பக்கம் சாயும்.

வெங்காயக் குத்தகைக்கும் கொஞ்சம் கவனம் வேண்டும். பத்திரம் எழுதுபவர் வழக்கமான படிவத்தில், 'குத்தகைதாரர் தமக்குத் தேவைப்படும் எந்த உபயோகத்துக்கும்' என்று எழுதிக் கொண்டுவந்தார். ஆடிட்டர் பென்சிலை எடுத்து அந்தச் சொற்களை அடித்துவிட்டு, மேலே 'சின்ன வெங்காயம், தக்காளி, மக்காச்சோளம் முதலிய பயிர்கள் சாகுபடி செய்ய மட்டும்' என்று எழுதினார். உள்குத்தகைக்கு விடக் கூடாது என்று இன்னொரு வரியும் சேர்த்தார். விலக்கு நிற்பது உபயோகத்தின் மேல் என்பதால், உபயோகம் பத்திரத்தில் இருக்க வேண்டும். அடங்கல் பதிவிலும் அந்தப் பயிர் ஏற வேண்டும். வெங்காயம் எடுத்த பிறகு அவர் காலி நிலத்தில் யாருக்காவது தேங்காய் மட்டை அடுக்கி வைக்க இடம் கொடுத்தால், சிக்கல் என் பில் புத்தகத்தில் வந்து நிற்கும்.

பதிவு பெற்றவருக்கு இன்னொன்று. விலக்குள்ள வருமானத்தையும் மாதாந்தரக் கணக்கில் அதற்குரிய கட்டத்தில் காட்ட வேண்டும். வரி வராது, எண் மட்டும் போக வேண்டும். விலக்குள்ள வருமானத்துக்குச் செய்த செலவில் கட்டிய வரியைக் கடை வரியில் கழிக்கவும் கூடாது. சித்திரையில் போர் மோட்டார் எரிந்துபோய், என் கடையிலிருந்தே ஏழரை எச்.பி. நீர்மூழ்கி மோட்டார் ஒன்றை இறக்கினேன். கடைக்கு வாங்கியபோது அதன் வரியைக் கழித்திருந்தேன். தோட்டத்துக்கு எடுத்ததால் அந்தக் கழிவைத் திருப்பிக் கட்டினேன். பத்து நிமிட வேலை, ஆனால் மறந்தால் பின்னால் நோட்டீஸ் வரும்.

உங்களுக்கு எது என்று கேட்டால், முதலில் பான் எண்ணைப் பாருங்கள் என்பேன். ஜிஎஸ்டி பதிவு இல்லாமல், ஜிஎஸ்டி வரக்கூடிய வேறு வருமானமும் இல்லாமல் இருந்தால் தம்பி வழியில் போகலாம். எதிர்முறையில் வரி கட்டப்படும் வருமானம் மட்டுமே உள்ளவர் பதிவு செய்ய வேண்டியதில்லை என்று 2017-லேயே ஓர் அறிவிக்கை இருக்கிறது. ஆனால் கடைவீதியில் இரண்டு கடை வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள், டீக்கடையும் தையல்கடையும் என்றால் கவனம். அவர்கள் பதிவு இல்லாதவர்கள், அந்த வாடகை எதிர்முறையில் வராது. அப்போது 20 லட்ச வரம்பு உங்களுக்குப் பொருந்தும். அந்த 20 லட்சத்தில் விலக்குள்ள வருமானமும் சேரும், நீங்கள் விற்ற தேங்காயும் சேரும். தேங்காய் விலை ஏறிய 2025 மாதிரி ஒரு வருடத்தில், ஒரு காய்கூட அதிகம் காய்க்காமலே வரம்பைத் தாண்டலாம்.

நிலம் கூட்டாக இருந்தால், வாடகையை அவரவர் பங்குப்படி அவரவர் கணக்கிலேயே வாங்குங்கள். வரம்பு ஆளுக்கு ஆள் தனி. என் ஐந்து ஏக்கரும் மனைவி பெயரில் இருந்திருந்தால் நானும் ஒருவேளை சோலாருக்கே கொடுத்திருப்பேன்.

போன வாரம் தோட்டத்துக்குப் போனேன். வரப்புக்கு அந்தப் பக்கம் பலகைகள் தெற்கே பார்த்து வரிசையாக நிற்கின்றன, நான்கு வேம்பில் அந்தப் பக்கத்து இரண்டு இல்லை. இந்தப் பக்கம் வெங்காயத்துக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். குத்தகைக்காரர் மீதிப் பாதிப் பணத்தைத் தை மாதம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த வருடம் ஏக்கருக்கு 30,000 கேட்கலாம் என்று இருக்கிறேன்.